படுத்தே உழைத்த எஞ்சின்

எண்பதுகளின் பிற்பகுதியில் கிழக்குத் தாம்பரத்தில் குடியிருந்தவர்களுக்கு வானத்துச் சத்தங்களை இனம் பிரிக்கத் தெரியும். கிரண் ஜெட் தலைக்கு மேல் போனால் பேச்சை நிறுத்துவோம். போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். சேத்தக் ஹெலிகாப்டர் என்றால் அடுக்களைப் பாத்திரங்களே முதலில் சொல்லிவிடும். இவை போக, சீரான கட்டைக் குரலில் ஒன்று சேலையூர்ப் பக்கம் வட்டமடித்துக்கொண்டிருக்கும். அதை யாரும் அண்ணாந்து பார்க்க மாட்டார்கள். அதுதான் தீபக். எச்.ஏ.எல். கட்டிய எச்.பி.டி-32 பயிற்சி விமானம். விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர்களுக்கே சொல்லிக்கொடுக்கும் விமானப்படைப் பள்ளி 1954 முதல் தாம்பரத்தில்தான் இருக்கிறது. அங்கே ஜெட்டுக்கு இருந்த மவுசு தீபக்குக்கு இல்லை. கேம்ப் ரோடு டீக்கடையில் கூட அதை ‘அம்பாசடர்’ என்றுதான் சொல்வார்கள்.

அந்த அம்பாசடரின் மூக்குக்குள் இருந்தது லைகமிங் ஏ.இ.ஐ.ஓ-540 என்ற எஞ்சின். பக்கத்துக்கு மூன்றாக ஆறு சிலிண்டர்கள், நிமிர்ந்து நிற்காமல் இரு புறமும் படுத்திருக்கும். 260 குதிரைசக்தி. பெயரில் உள்ள ‘ஓ’ எதிரெதிர்ச் சிலிண்டரைக் குறிக்கிறது. ‘ஐ’ என்றால் கார்புரேட்டர் இல்லை, இன்ஜெக்‌ஷன். முன்னால் உள்ள ‘ஏ.இ.’ சாகசப் பறத்தலுக்கு. தலைகீழாகப் பறந்தாலும் ஆயில் வரத்து நிற்காது. 540 என்பது கன அங்குலக் கணக்கு, லிட்டரில் ஏறக்குறைய 8.9. இதையெல்லாம் நான் தாம்பரத்தில் கற்றுக்கொள்ளவில்லை. விமானப்படை வேலிக்கு வெளியே நின்று அதன் சத்தத்தைக் கேட்டதோடு சரி. கற்றது மீனம்பாக்கத்தில், சிறு விமானங்களைப் பழுதுபார்க்கும் ஒரு கொட்டகையில்.

ஐ.டி.ஐ. முடித்த கையோடு அங்கே எடுபிடியாகச் சேர்ந்தேன். ‘என் பையன் ஏரோப்ளேன் ஓட்டப் போறான்’ என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். நான் ஓட்டியது மண்ணெண்ணெய் டப்பாவும் பிரஷ்ஷும்தான். தாம்பரத்தில் மீட்டர் கேஜ் மின்ரயிலைப் பிடித்தால் குரோம்பேட்டை, பல்லாவரம் தாண்டும்வரை தோல் பதனிடும் வாடை கூடவே வரும். மீனம்பாக்கத்தில் இறங்கினால் விமானப் பெட்ரோல் வாடை. சட்டையில் இரண்டும் கலந்திருக்கும்.

கொட்டகையில் மூத்த மெக்கானிக் ஒருவர் இருந்தார். திருநெல்வேலிக்காரர், விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. நான் சேர்ந்த நாட்களில் மூடி கழற்றிய செஸ்னா 152 ஒன்று நின்றது. அதன் ஓ-235 எஞ்சினை நான் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார்.

“ஏலே, இதுல எதிரும் புதிருமா கெடக்கே ரெண்டு பிஸ்டன், அது எப்பிடிப் போவும் வரும், சொல்லு பாப்போம்.”

“ஒண்ணு உள்ள வந்தா இன்னொண்ணு வெளிய போவும், அண்ணாச்சி.”

“அதான் கெடயாது. மரவாடியில ரெண்டு பேரு இழுப்பு வாளு இழுக்கான் பாத்தியா, அவன் இழுத்தா இவன் தள்ளணும். அது வேற எஞ்சினு. இதுல ரெண்டும் ஒண்ணா வெளிய போவும், ஒண்ணா உள்ள வரும்.”

பாக்ஸர் என்று பெயர் பெற்ற இந்த எஞ்சினின் சூட்சுமம் அவ்வளவுதான். கிராங்க் தண்டில் ஒவ்வொரு பிஸ்டனுக்கும் தனி முழங்கை. எதிரெதிர் முழங்கைகள் இரண்டும் 180 டிகிரி விலகியிருப்பதால், இடது பிஸ்டன் இடப்பக்கம் விரையும்போது வலது பிஸ்டன் அதே வேகத்தில் வலப்பக்கம் விரைகிறது. ஒன்றின் உதையை மற்றது தின்றுவிடுகிறது. அண்ணாச்சி சொன்ன இழுப்பு வாள் வகையில் எதிரெதிர் பிஸ்டன்கள் ஒரே முழங்கையைப் பங்குபோட்டுக்கொள்ளும். பார்க்க அதுவும் படுத்த எஞ்சின்தான். ஆனால் கணக்கில் அது 180 டிகிரி விரிந்த வி-எஞ்சின். ஃபெராரி தன் 12 சிலிண்டர் காருக்கு எழுபதுகளில் பாக்ஸர் என்றே பெயர் வைத்தது. அந்த எஞ்சினோ இழுப்பு வாள் வகை. அவ்வளவு பெரிய கம்பெனிக்கு இது தெரியாமலா இருக்கும்? பெயர் நன்றாக இருக்கிறது, வைத்துக்கொண்டார்கள்.

இந்த யோசனை பழையது. கார்ல் பென்ஸ் 1896லேயே எதிரெதிராக இரண்டு சிலிண்டர் வைத்து ஒன்று செய்துவிட்டார். இரண்டு சிலிண்டரோடு நிற்கிற எஞ்சினில் ஒரு குறை மிச்சமிருக்கிறது. கிராங்கில் ஆளுக்கொரு முழங்கை என்றால் இரண்டு சிலிண்டரும் ஒரே நேர்கோட்டில் அமைய முடியாது. ஒன்று சற்று முன்னால், ஒன்று சற்றுப் பின்னால்தான் இருக்கும். அந்த இடைவெளியால் எஞ்சின் தன்னைத்தானே இடவலமாகத் திருகப் பார்க்கும். நான்கு சிலிண்டராக்கினால் அந்தத் திருகல் பெரும்பாலும் அடங்கி, கிராங்கின் இரட்டை வேகத்தில் சின்னதாக ஒன்று மிஞ்சும். ஆறாக்கினால் அதுவும் போய்விடும். சேலையூருக்கு மேலே தீபக் கட்டைக் குரலில் அலுங்காமல் முனகியதற்கும், நான்கு சிலிண்டர் செஸ்னா 152 ஓடுபாதை ஓரத்தில் நிற்கும்போது கதவுக் கண்ணாடி லேசாகக் கிலுகிலுத்ததற்கும் இந்தக் கணக்கில்தான் விடை.

அதிர்வு இல்லாததுதான் இந்த எஞ்சினின் பெருமை என்று புத்தகங்களில் போட்டிருக்கும். அண்ணாச்சி அதை ஒப்புக்கொள்ள மாட்டார். “அதெல்லாம் விக்கிறவன் பேச்சு. ஒவ்வொரு சிலிண்டரும் தனியாக் காத்துல நிக்கி, தனியாக் கழட்டலாம். இதுக்குத்தாம்ல இது” என்பார். இத்தனை வருடம் கழித்து யோசித்தாலும் அவர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது.

நம் நாட்டுப் பறக்கும் சங்கங்கள் ஆரம்ப காலத்தில் மாத் ரக விமானங்களை ஓட்டின. அவற்றில் நான்கு சிலிண்டரும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. காற்றால் குளிரும் எஞ்சினை அப்படி வரிசையில் நிறுத்தினால் முன்னால் நிற்பதற்குக் குளிர்ந்த காற்று, கடைசிக்கு மிச்சம் மீதி. ஹார்வர்ட் பயிற்சி விமானத்தில் இருந்தது ரேடியல். ஒன்பது சிலிண்டர் வட்டமாக. குளிர்ச்சிக்குப் பஞ்சமில்லை, ஆனால் மூக்கு அகலமாகி விமானியின் பார்வையை மறைக்கும். போதாக்குறைக்கு, நிறுத்தி வைத்த ரேடியலில் அடிச் சிலிண்டர்களுக்குள் ஆயில் இறங்கித் தேங்கும். அதைக் கவனிக்காமல் ஸ்டார்ட் செய்தால் அமுங்காத ஆயில் கனெக்டிங் ராடை வளைத்துவிடும். அதனால் காலையில் ப்ரொப்பெல்லரைக் கையால் பல சுற்று சுற்றிய பிறகுதான் ஸ்விட்ச்சில் கை வைப்பார்கள். விமானப்படை நாட்களில் ஹார்வர்டுக்கு இப்படிச் சுற்றிச் சுற்றியே தன் தோள்பட்டை போனதாக அண்ணாச்சி புலம்புவார்.

படுத்த எஞ்சின் இந்த இரண்டுக்கும் நடுவே புகுந்தது. 1931ல் அமெரிக்காவின் கான்டினென்டல் நிறுவனம் 37 குதிரைசக்தியில் ஏ-40 என்ற நான்கு சிலிண்டர் எஞ்சினைக் கொண்டுவந்தது. குட்டையான கிராங்க், தாழ்ந்த மூக்கு, இரு புறமும் நீட்டிய சிலிண்டர்கள். சிறு விமானம் சாமானியர் கைக்கு எட்டியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. சில வருடங்களில் லைகமிங்கும் போட்டிக்கு வந்தது. அன்றிலிருந்து சிறு விமானம் என்றால் பெரும்பாலும் இந்த இரண்டு கம்பெனியின் படுத்த எஞ்சின்தான்.

மூடியைக் கழற்றிப் பார்ப்பவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது தகரமும் ரப்பர் பட்டையும். பேஃபிள் என்போம். முன்வாசலில் நுழையும் காற்றை இவை எஞ்சினின் மேல்பக்கம் அடைத்து நிறுத்தும். மேலே அழுத்தம் அதிகம், கீழே குறைவு. ஆகவே காற்றுக்குச் சிலிண்டரின் துடுப்புகளுக்கிடையே புகுந்து இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை. ரப்பர் பட்டை ஓரிடத்தில் மடங்கினால் போதும், காற்று அந்த வழியே ஓடிவிடும். ஏதோ ஒரு சிலிண்டர் வறண்டு கொதிக்கும். கத்திரி வெயிலில் எங்கள் வேலையில் பாதி இந்தப் பட்டைகளை நிமிர்த்துவதுதான். ஏரோப்ளேன் மெக்கானிக் என்று பெயர், செய்வது தகர வேலை.

பார்க்க வரும் பையன்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஓ-235 எஞ்சின் 3.8 லிட்டர், கொடுப்பது 110 குதிரைசக்தி. அப்போது புதிதாக வந்திருந்த மாருதி 800 கார் 0.8 லிட்டரிலேயே 40க்குப் பக்கத்தில் கொடுத்தது. இவ்வளவு பெரிய எஞ்சினுக்கு இவ்வளவுதானா? ப்ரொப்பெல்லர் இந்த எஞ்சினில் கிராங்கோடு நேராகப் பூட்டியிருக்கிறது, நடுவில் கியர் இல்லை. ப்ரொப்பெல்லரின் நுனி ஒலிவேகத்தை நெருங்கினால் சத்தம்தான் மிஞ்சும், இழுவை போய்விடும். எனவே நிமிடத்துக்கு 2550 சுற்றுக்கு மேல் போக அனுமதி இல்லை. கார் எஞ்சின் தன் முழு பலத்தைக் காட்டுவது முந்திச் செல்லும் சில நொடிகள்தான். இதுவோ மணிக்கணக்கில் முக்கால் பலத்தில் ஓட வேண்டும். அப்படி 2000 மணி நேரம் ஓடிய பிறகே ஓவர்ஹாலுக்கு வரும்.

படுத்திருப்பதற்கு விலையும் உண்டு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் மேலே ஒரு பிளக், கீழே ஒரு பிளக். பிளக்குகளுக்குப் பொறி கொடுக்க இரண்டு மேக்னெட்டோ, ஒன்று போனாலும் மற்றது காப்பாற்ற. ஆயிலும் பெட்ரோலில் உள்ள ஈயமும் இறங்கித் தங்குவது கீழ்ப் பிளக்கில். சோதனையின்போது 1700 சுற்றில் வைத்து மேக்னெட்டோவை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பார்கள்; செஸ்னா 152ல் 125 சுற்றுக்கு மேல் இறங்கினால் விமானம் கிளம்பாது, எங்களுக்கு வேலை. கீழ்ப் பிளக்கைக் கழற்றி, மணிமணியாய் உறைந்த ஈயத்தைக் கம்பியால் குத்தி எடுத்து, அடுத்த முறை அதை மேலே மாற்றிப் போடுவோம்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை கம்ப்ரெஷன் பார்ப்பது. பிஸ்டனை மேல்முனையில் நிறுத்திவிட்டு, பிளக் ஓட்டை வழியாக 80 பி.எஸ்.ஐ. காற்றைக் கொடுத்து, உள்ளே எவ்வளவு தங்குகிறது என்று மீட்டரில் பார்க்க வேண்டும். ஒருவர் ப்ரொப்பெல்லரை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். பிடி தளர்ந்தால் அது சுழன்று அடிக்கும். மீட்டர் இறங்கினால் காதுக்கு வேலை. சைலன்ஸர் பக்கம் உஸ்ஸென்றால் எக்ஸாஸ்ட் வால்வு. கார்புரேட்டர் பக்கம் கேட்டால் இன்லெட் வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டன் ரிங். அண்ணாச்சி மீட்டரைப் பார்க்கவே மாட்டார். மூன்று இடத்திலும் காதை வைத்துவிட்டு, “மூணாம் நம்பர கழட்டுலே” என்பார்.

கழற்றுவது என்றால் அந்த ஒரு சிலிண்டரை மட்டும். இந்தச் சௌகரியம் கார் எஞ்சினில் கிடையாது. ராக்கர் மூடி, தள்ளு தண்டு, குழாய்கள், அடியில் நட்டுகள். பிறகு சிலிண்டர் மொத்தமாகக் கையோடு வந்துவிடும். வெளியே தொங்கும் கனெக்டிங் ராடு கிராங்க் கேஸில் இடிக்காமல் ரப்பர் பட்டை போட்டுக் கட்டி வைப்போம். சிலிண்டர் இல்லாத நேரத்தில் ப்ரொப்பெல்லரைத் தொடக்கூடாது. கிராங்க் கேஸ் நடுவாக இரண்டு பாதியாய்ப் பிளந்த பெட்டி. அந்தப் பாதிகளை இறுக்கிப் பிடிக்கும் நீள போல்ட்டுகள் சிலிண்டர் அடியோடு சேர்ந்தவை. இறுக்கம் தளர்ந்த நேரத்தில் கிராங்க் சுற்றினால் உள்ளே பேரிங் நகர்ந்துவிடும்.

அந்த இரண்டு பாதியை ஒட்டும் இடத்தில் கேஸ்கட் எதுவும் கிடையாது. பசையைத் தடவி, அதன் மேல் பட்டு நூலை ஓரமாக இழுத்து வைத்து மூட வேண்டும். பருத்தி நூல் உதவாது. பட்டுதான் வேண்டும் என்று எஞ்சின் கம்பெனியின் கையேட்டிலேயே இருக்கிறது. மெல்லியது, அறுந்துபோகாது, சூட்டுக்கும் ஆயிலுக்கும் தாங்கும். காஞ்சிபுரத்துக்காரர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, “எங்க ஊர் நூல்ல பறக்குதா இது?” என்று கேட்டார். கம்பெனி அனுப்பும் நூல்தான் என்று அண்ணாச்சி சொன்னதும் அவருக்கு முகம் விழுந்துவிட்டது.

கொட்டகைக்கு வந்தவற்றில் எனக்கு நெருக்கமானது புஷ்பக். துணி போர்த்திய சிறகு, எச்.ஏ.எல். கட்டியது, முதலில் பறந்தது 1958ல். கான்டினென்டல் சி-90, நான்கு சிலிண்டர், 90 குதிரைசக்தி. ஸ்டார்ட்டர் கிடையாது, கையால்தான் ப்ரொப்பெல்லரைத் தள்ள வேண்டும். சக்கரத்துக்குக் கட்டை போட்டு, விமானியோடு குரல் கொடுத்து உறுதி செய்துகொண்டு, “காண்டாக்ட்” என்றதும் ஒரே வீச்சாக இழுத்துவிட்டுப் பின்னால் வர வேண்டும். மேக்னெட்டோவுக்குள் ஒரு ஸ்பிரிங் ‘டக்’ என்று விடுபடும். உடனே நான்கும் பேசத் தொடங்கும்.

புஷ்பக்குக்கு ஆகாத மாதம் மே இல்லை, நவம்பர். கேட்பவர்கள் சிரிப்பார்கள். வடகிழக்குப் பருவமழையின் ஈரக்காற்று கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் நுழையும்போது, அழுத்தம் குறைவதாலும் பெட்ரோல் ஆவியாவதாலும் சட்டென்று குளிர்கிறது. வெளியே வியர்த்து ஊற்றும். உள்ளே பனிக்கட்டி கட்டும். எஞ்சின் மெல்ல மெல்ல மூச்சு வாங்கும். லைகமிங்கில் கார்புரேட்டரைச் சூடான ஆயில் தொட்டியின் அடியிலேயே பூட்டியிருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. கான்டினென்டலில் அது தனியாகத் தொங்கும். சைலன்ஸர் சூட்டில் காற்றைக் காய்ச்சிக் கொடுக்கும் குமிழை விமானி மறக்காமல் இழுக்க வேண்டும். சென்னையில் பனிக்கட்டியால் எஞ்சின் நிற்கலாம் என்பதைப் புதிதாக வரும் மாணவர்கள் லேசில் நம்ப மாட்டார்கள்.

வேலைக்கு வெளியேயும் இந்த எஞ்சின் என்னை விடவில்லை. குரோம்பேட்டையில் ஒரு டாக்டரிடம் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் இருந்தது. நான்கு சிலிண்டர், காற்றுக் குளிர்ச்சி, பின்னால் படுத்தபடி. ‘ஏரோப்ளேன் மெக்கானிக்’ என்பதால் என்னை அழைத்துவிட்டார். அந்த வண்டியின் வியாதி உலகறிந்தது. பழைய மாடல்களில் ஆயில் கூலரை விசிறிப் பெட்டிக்குள்ளேயே வைத்திருப்பார்கள். அதை உரசிக்கொண்டு சூடான காற்று இறங்குவது மூன்றாம் சிலிண்டர் மேல். எந்தப் பீட்டிலிலும் முதலில் வால்வு கருகுவது மூன்றாவதுதான். ஜெர்மன்காரர்கள் அந்த ஒரு சிலிண்டருக்கு மட்டும் பொறியைச் சற்றுத் தாமதமாக்கிச் சமாளித்தார்கள். பிறகுதான் கூலரை இடம் மாற்றினார்கள். டாக்டர் வண்டிக்கு வேண்டிய சாமான்களைத் தேடி வெள்ளிக்கிழமைதோறும் பல்லாவரம் சந்தையை அலசுவேன். மிஷின் கடைகளில் கிடைக்காதது அங்கே சாக்கு மேல் கிடக்கும். விலை கேட்கும்போது மட்டும் முகத்தில் ஆசை தெரியக்கூடாது.

மோட்டார் சைக்கிளில் படுத்த எஞ்சினைக் காற்றுக்கு நேராக்கும் வேலையை 1923ல் பி.எம்.டபிள்யூ.வின் மாக்ஸ் ஃபிரிட்ஸ் செய்தார். அதற்கு முன் இரட்டைச் சிலிண்டரைப் பெரும்பாலும் வண்டியின் நீளவாக்கில் வைத்தார்கள். பின் சிலிண்டர் காற்றில்லாமல் வெந்தது. ஃபிரிட்ஸ் ஆர்-32 வண்டியில் அதைக் குறுக்கே திருப்பி, இரண்டையும் காற்றில் நீட்டிவிட்டார். பிரச்சினை தீர்ந்தது. சிலிண்டர் நடைபாதையில் இடிக்குமே என்று ஓட்டுபவர் கவலைப்பட வேண்டியதுதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஆட்களைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. ஆவடியில் செய்த விஜயந்தா டாங்கியில் இருந்த லேலண்ட் எல்-60 எஞ்சினும் இதே ஜாதி என்று சொல்பவர்கள் உண்டு. அதில் ஒரே சிலிண்டருக்குள் இரண்டு பிஸ்டன்கள் ஒன்றையொன்று பார்த்து மோத வரும்; நடுவில் எரியும்; மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு கிராங்க். சிலிண்டர் ஹெட்டே கிடையாது. ‘எதிரெதிர்’ என்ற பெயர்தான் ஒன்று, உள்ளே சம்பந்தமில்லை.

தீபக் 2009ல் தரையிறக்கப்பட்டது. பறக்கும்போதே எஞ்சின் நின்றுபோகும் சிக்கல் அந்த விமானத்துக்கு வெகுகாலம் இருந்தது. அந்த ஆண்டு ஜூலையில் இரண்டு விமானிகள் விபத்தில் இறந்த பிறகு அது மீண்டும் பயிற்சிக்கு வரவில்லை. பிறகு வந்த பிலாட்டஸ் பி.சி-7ல் இருப்பது டர்பைன். ஆனால் என்.சி.சி. பையன்கள் பறக்கும் வைரஸ் என்ற சிறு விமானத்தில் ரோடாக்ஸ் 912 இருக்கிறது. அதுவும் படுத்த நான்கு சிலிண்டர்தான். ஹெட்டுக்குத் தண்ணீர், உடம்புக்குக் காற்று. நிமிடத்துக்கு 5800 சுற்று சுற்றிவிட்டு, கியர் வழியாக ப்ரொப்பெல்லருக்குக் குறைத்துக் கொடுக்கும். 80 குதிரைசக்தி வகை வெறும் 1.2 லிட்டர். ஆயில் அளவு பார்க்கும் முன் ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்ற வேண்டும். தனித் தொட்டிக்கு ஆயில் திரும்பி ‘குளுக்’கென்று ஏப்பம் விட்ட பிறகுதான் அளவு சரியாகத் தெரியும். அண்ணாச்சி இருந்திருந்தால் இந்தக் கியர்ப்பெட்டியை ஒரு வாரம் திட்டிவிட்டு, பிறகு அதைப் பிரித்துப் பார்க்க உட்கார்ந்திருப்பார்.

குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்த அப்துல் கலாம், அங்கே காட்சிக்கு வைத்திருந்த ஓய்வு பெற்ற இரண்டு விமானங்கள்தான் தன்னை விமானவியல் பக்கம் இழுத்தன என்று தன் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். அதனால், ஆயுள் முடிந்த படுத்த எஞ்சின் ஒன்று யாரிடமாவது கொட்டகையில் கிடந்தால், தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். தென்சென்னையில் பொறியியல் கல்லூரிக்கும் ஐ.டி.ஐ.க்கும் பஞ்சமில்லை, ஏதாவது ஒன்றுக்குக் கொடுங்கள். வாங்கும் கல்லூரிக்காரர்களும் அதற்கு வெள்ளி வண்ணம் பூசிக் கண்ணாடிக்குள் வைக்க வேண்டாம். பிள்ளைகள் கையில் ஸ்பானரைக் கொடுத்து மூன்றாம் சிலிண்டரைக் கழற்றச் சொல்லுங்கள்.